புஷ்பம் நடந்தால் தெரு சாயும்

மதுரையில் மண்டையைத் திறந்து, இடது காதுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நெல்லிக்காய் அளவுக் கட்டியை எடுத்துவிட்டு, தலையில் கட்டும் கண்ணில் பிளாஸ்திரியுமாகத் தங்கபுஷ்பம் நல்லாங்குளத்துக்குத் திரும்பிவந்து, காரைவிட்டு இறங்கி, புருஷன் இசக்கிராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் எட்டு எடுத்துவைத்தபோது, மிட்டாய்க்காரத் தெரு மொத்தமும், வீடு வாசல், வேப்பமரம், கரண்டு கம்பம், கட்டிப்போட்டிருந்த ஆடு எல்லாம் சேர்த்து, வளைவில் திரும்பும் பஸ் சாயுமே அந்த மாதிரி, மெல்ல மேற்கே சாய்ந்தது. அவள் நின்றாள். தெருவும் நிமிர்ந்தது. அடுத்த எட்டு வைத்தாள். தெருவும் அடுத்த சாய்வு சாய்ந்தது. நாலு வீட்டில் குடத்துத் தண்ணீர் தளும்பிக் கொட்டியது, மிட்டாய்க் கம்பெனிகளில் வறுத்துக் குவித்திருந்த கடலை குவியலை விட்டு இறங்கி மேற்குச் சுவரோரமாகப் போய் ஒதுங்கியது, மாடியில் காய்ந்துகொண்டிருந்த உள்பாவாடை ஒன்று எதிர்வரிசைக்காரர் தலையில் விழுந்து அவர் வீட்டுக்குள் ஒரு சின்னச் சண்டையைக் கிளப்பியது. அவ்வளவுதான். யாரும் அலறவில்லை. அன்று காலையிலிருந்து மூன்று தடவை கரண்டு போயிருந்தது, அந்தக் கோபத்துக்கே தெருவுக்கு நேரம் போதவில்லை.

மதுரை டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பியிருந்தார். கட்டி கேன்சர் இல்லை, ஆனால் அது போயும் போயும் காது கேட்கிற நரம்பிலும் உடம்பை நேராக நிறுத்துகிற நரம்பிலும் குடியேறியிருந்தது, எடுக்கும்போது அந்த இரண்டும் கூடவே போயின. முகத்து நரம்பும் கொஞ்சம் அடிபட்டதால் இடது கன்னம் நனைந்த துணி மாதிரி தொங்கியது, இடது கண் மூட மறுத்தது, குடிக்கிற டீயில் கால்வாசி கடைவாய் வழியாகச் சேலைக்குப் போனது. செத்துப்போன காதுக்குள் இரவும் பகலும் மணலில் கடலை வறுபடும் இரைச்சல். "கொஞ்ச காலத்துக்கு நடக்கும்போது தரை சாயத்தான் செய்யும். இன்னொரு காது ரெண்டு ஆள் வேலையையும் கத்துக்கணும். மூளை கத்துக்கும், ஆனா நடந்தாத்தான் கத்துக்கும். தலை சுத்துதுன்னு நீங்க உக்காந்துட்டீங்கன்னா அதுவும் உக்காந்துரும்" என்று டாக்டரம்மா சொன்னார். எல்லா நோயாளிகளுக்கும் சொல்வதைத்தான் சொன்னார். தரை நிஜமாகவே சாயும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். ஆஸ்பத்திரி வராண்டாவும் சாய்ந்திருக்கும்தான், ஆனால் அங்கே எல்லாருமே சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார்கள், யார் கவனித்தது?

புஷ்பம் கேட்டது ஒரே கேள்வி. "பஸ்ஸுல நிப்பேனா?"

"நடந்தா நிப்பீங்க."

புஷ்பம் டவுன் பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு, கூட்டத்தைப் பிளந்து முன்னும் பின்னும் போய், ஏறாதவனை ஏற்றி இறங்காதவனை இறக்கி, ஊர் முழுக்க வாய்ச்சண்டை போட்டுச் சம்பளமும் வாங்குகிற அந்த வேலையைப்போல உலகத்தில் இன்னொரு வேலை இல்லை என்பது அவள் கட்சி. டெப்போ மேனேஜரோ கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். லீவு முடியும்போது நேராக நடந்து காட்டினால் பஸ். இல்லையென்றால் டெப்போவில் ஒரு மூலையில் உட்கார்ந்து ஓட்டை டிக்கெட் மிஷின்களுக்குத் தூசி தட்டலாம், ரிட்டையர் ஆகும் வரை.

ஆகவே அவள் நடந்தாள். தெரு சாய்ந்தது. ஒரு பெண் நடந்தால் தெரு சாயுமா என்று கேட்பவர்கள், ஒரு பெண் சத்தமாகச் சிரித்தால் குடும்பமே சாய்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள்தான், அவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கொஞ்ச நாளில் தெருவுக்குக் கணக்குப் பிடிபட்டது. அவள் வடக்கே போனால் தெரு மேற்கே சாயும், தெற்கே திரும்பினால் கிழக்கே சாயும், அதாவது எப்போதும் அவளுடைய இடது கைப் பக்கம். போகும்போது மேற்கு வரிசை பள்ளத்தில், வரும்போது கிழக்கு வரிசை பள்ளத்தில் என்பதால் இரண்டு வரிசைக்கும் பொறாமைக்கு வழியில்லாமல் போயிற்று. இதையே அரசாங்கம் செய்திருந்தால் ஒரே வரிசைதான் ஆயுளுக்கும் பள்ளத்தில் கிடந்திருக்கும். இட்லி எல்லாம் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து வந்தது, பிள்ளைகள் தடித்த பக்கத்துக்குச் சண்டை போட்டன. நிறுத்திவைத்த வண்டிகளுக்கெல்லாம் சக்கரத்தடியில் கல் வந்தது. எத்தனையோ மனுக்கொடுத்தும் அசையாமல் தேங்கிக் கிடந்த சாக்கடை, புஷ்பம் ஒரு நடை போய்வந்ததில் இரண்டு பக்கமும் புரண்டு வழியைத் திறந்துகொண்டு ஓடியது. அதுக்கப்புறம், "மதினி, ஒரு நட நடந்துட்டு வாங்களேன், தண்ணி தேங்கி நாறுது" என்று வாசலுக்கே வந்து கேட்டார்கள். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து, அதைப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் ஆட்டுகிற பயிற்சி ஒன்றை டாக்டரம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். அதை அவள் செய்யும்போது தெரு முழுக்கச் சுளகு மாதிரி உதறியது, வறுத்த கடலையின் தோல் தன்னால் கழன்று பறந்தது, கடலை புடைக்கிற பெண்கள் அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு கதை பேசினார்கள். சாயங்காலமானால் ஒருபக்கமாகச் சாய்ந்தே வீடு திரும்பும் பால்பாண்டி, புஷ்பம் நடக்கிற நேரத்தில் வந்தால் மட்டும் கோடு கிழித்த மாதிரி நேராக வந்தான். அவன் பெண்டாட்டி தினமும் வந்து நின்றாள்: "யக்கா, ஆறு மணிக்கு நடங்க. அந்த மனுசன் அப்பத்தான் வாராரு. ஒரு நாளாவது கௌரவமா வீட்டுக்குள்ள நுழையட்டும்."

புஷ்பத்துக்கு ஒவ்வொரு நடையும் மலை ஏறுகிற மாதிரி இருந்தது. போய்வந்து விழுந்தால் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். வலது பக்கம் மட்டுமே கேட்டதால் யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் வலது பக்கமே திரும்பினாள், இடது பக்கம் நிற்பவர்கள் "பாரு, மதிக்காம போறா" என்றார்கள். பாதி முகம் மட்டும் சிரித்ததால் அவள் மனமாரச் சிரித்தபோதெல்லாம் எதிரில் நின்றவர்கள் தங்களை நக்கலடிப்பதாக எடுத்துக்கொண்டார்கள். "அது நக்கல்தான், எதுக்குத் தப்பா நெனைக்கீங்க?" என்று அவளும் சொல்லிவிடுவாள்.

எல்லாவற்றையும் பொறுத்த தெரு, மிட்டாயில் கைவைத்ததும் பொறுக்கவில்லை. பாகில் கடலையைக் கொட்டிக் கிளறிப் பலகையில் ஊற்றி உருட்டித் தேய்க்கிற நேரத்தில் தெரு சாய்ந்தால் ஒரு பக்கத்து மிட்டாய் செங்கல்லாகவும் மறுபக்கத்து மிட்டாய் அப்பளமாகவும் வந்தது. தீபாவளி ஆர்டர் தலைக்கு மேலே நின்றது. மிட்டாய் சங்கத் தலைவர் சோலையப்பன் அண்ணாச்சி, இவருடைய கம்பெனியில்தான் இசக்கிராஜ் மிட்டாய் வெட்டுகிறான், ஒருநாள் ஆளைக் கூட்டிக்கொண்டு, சாய்ந்து படுக்கிற மாதிரி ஒரு மெத்தை நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்தார். அவளுக்கு இடது பக்கமாக நின்று நெடுநேரம் அன்பாகப் பேசினார். பதிலே வரவில்லை. அவருடைய சம்சாரம் அவரை இழுத்துக்கொண்டுபோய் வலது பக்கம் நிறுத்தினாள். அண்ணாச்சி மறுபடி முதலிலிருந்து அன்பாக இருக்க வேண்டியதாயிற்று.

"யம்மா புஷ்பம், தீபாவளி வரைக்கும் உக்காரும்மா. ராணி மாதிரி உக்காரு. சாப்பாடு, காபி, டி.வி. எல்லாம் தெரு பாத்துக்கிடும்."

"நடக்கச் சொல்லிருக்காங்களே அண்ணாச்சி."

"அவங்க மதுரைல இருந்துக்கிட்டு என்னமும் சொல்லுவாங்க. மதுரையா சாயுது?"

இசக்கிராஜ் முதலாளி முகத்தைப் பார்த்தான், பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான், கடைசியில் தரையைப் பார்த்தான். புஷ்பத்துக்கு அன்றைக்கு அசதி. அதுதான் வினை. உட்கார்ந்தாள்.

உட்கார் என்பதுபோல அன்பான சொல் தமிழில் இல்லை. அடிக்கிற கையைத் தட்டிவிடலாம், தலையணை கொண்டுவந்து முதுகுக்குப் பின்னால் வைக்கிற கையை என்ன செய்வது? காலையில் ஒரு வீட்டு ஆப்பம், மத்தியானம் ஒரு வீட்டு மீன்குழம்பு, கண் காயாமலிருக்க மணிக்கொரு தரம் மருந்து விட ஆள்மாற்றி ஆள். தெரு ஊசி நட்ட மாதிரி நேராக நின்றது. தீபாவளி மிட்டாய் சீராக வெட்டுப்பட்டு லாரி ஏறியது. புஷ்பத்தைப்போல நல்லவள் உண்டா என்று எல்லாரும் சொன்னார்கள். பேசாத, அசையாத ஆளைப் பற்றி நல்லதாகச் சொல்வதில் என்ன சிரமம்?

தீபாவளிக்குப் பிறகு ஒருநாள், சுவரில் ஓடிய பல்லியைப் பார்க்கத் தலையைத் திருப்பினாள். உட்கார்ந்திருக்கும்போதே வீடு ஒரு சுழற்று சுழன்று நின்றது. முன்னால் நடந்தால்தான் சாய்ந்தது, இப்போது திரும்பினாலே சுற்றியது. மதுரைக்குப் போனார்கள். டாக்டரம்மா அவளைச் சுவரை விட்டுவிட்டு நிற்கச் சொன்னார். அவளால் நிற்க முடியவில்லை.

"நடந்தீங்களா?"

செக்கிங் இன்ஸ்பெக்டரிடமே சட்டம் பேசுகிற புஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நல்லாத் தேறிக்கிட்டு வந்தீங்க. நிப்பாட்டிட்டீங்க. இப்பவும் கெட்டுப்போகல. ஆனா இன்னும் கொஞ்ச நாள் இப்பிடியே விட்டீங்கன்னா, கடைசிவரைக்கும் செவுத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான். பஸ்ஸ மறந்துருங்க."

திரும்பி வந்த அன்றே சங்கக் கட்டடத்தில் கூட்டம். அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மேடைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு துண்டும் போர்த்தினார்கள். சோலையப்பன் அண்ணாச்சி எழுந்து, தங்கபுஷ்பத்தின் தியாகத்தால் தீபாவளி நல்லபடியாக முடிந்தது என்றும், அடுத்து பொங்கல் ஆர்டர் வருகிறது என்றும், அதற்கடுத்து கல்யாண சீசன் என்றும் சொல்லிக்கொண்டே போனார்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம்" என்றாள் புஷ்பம். வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தாலும் பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரல் அப்படியே இருந்தது. "சாயுறது யாரு? நானா, தெருவா?"

"தெருதாம்மா."

"அப்ப தெருவுக்கு ஆபரேசன் பண்ணுங்க. நேரா நடக்குதவள எதுக்கு உக்கார வைக்கீங்க?"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. அண்ணாச்சிக்கு முகம் கறுத்தது.

"ஒனக்காகத்தானம்மா சொல்லுதோம்."

"எனக்காகன்னா எங்கிட்டல்லா கேக்கணும்? நாற்காலி வாங்குமுன்ன கேட்டீங்களா? மெத்தைக்கு என்ன கலர்னு மட்டும் கேட்டீங்க."

சொல்லிவிட்டு எழுந்தாள். துண்டு விழுந்தது. ஒரு கையை மேஜையில் ஊன்றி, பிறகு மேஜையையும் விட்டுவிட்டு, கட்டடத்தின் அந்தக் கடைசியைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். இத்தனை நாள் நடக்காத நடையெல்லாம் சேர்ந்துவந்ததாலோ என்னவோ, சாய்வு ஒருபோதும் இல்லாத சாய்வாக இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆளோடு வழுக்கிக்கொண்டு போய் இடது சுவரில் மோதிக் குவிந்தன. ஒரு சிங்கப் படத்தை யார் லேபிளில் போடுவது என்ற தகராறில் பல வருஷமாகப் பேசாமல் இருந்த எதிர்க் கம்பெனி தவமணி அண்ணாச்சியின் மடியில் சோலையப்பன் அண்ணாச்சி போய் உட்கார்ந்தார். மிக்சர் தட்டுகள் தலைகளில் கவிழ்ந்தன. புஷ்பம் சுவர்வரை போய்த் திரும்பினாள். மொத்தக் குவியலும் எதிர்ச்சுவருக்கு வழுக்கியது. இந்தத் தடவை தவமணி அண்ணாச்சி சோலையப்பன் அண்ணாச்சியின் மடியில் இருந்தார். அவள் போய்ப் போய் வந்தபடியே, எந்தச் சுவரில் குவியல் இருக்கிறதோ அந்தச் சுவரைப் பார்த்து, விடாமல் பேசினாள்.

"ஓடுத பஸ்ஸுக்குள்ள சனங்க இருக்கலியா? அதுக்குள்ளயே பிள்ளைக்குப் பால் குடுக்காங்க, பரிச்சைக்குப் படிக்காங்க, பொண்ணு பாத்து முடிக்காங்க. பஸ் சாயுதுன்னு எவனாவது பஸ்ஸ உக்காரச் சொன்னானா? கம்பியப் பிடிச்சா சோலி முடிஞ்சுது!"

"பொங்கல் ஆர்டர..." என்று குவியலுக்குள்ளிருந்து சோலையப்பன் அண்ணாச்சி ஆரம்பித்தார்.

"அவ நடக்கட்டும்" என்று குவியலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. இசக்கிராஜ்தான். முதலாளி பேசும்போது அவன் குறுக்கே பேசியது அதுதான் முதல் தடவை. முதலாளியின் ஒரு கால் அவன் கழுத்துமேல் இருந்ததால் குரல் கொஞ்சம் நெரிந்து வந்தது, ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. "நடக்கலேன்னா அவளுக்குப் பஸ் இல்ல. பஸ் இல்லேன்னா அவ அவளா இருக்க மாட்டா. எனக்கு வேல போனாலும் பரவால்ல அண்ணாச்சி. மொதல்ல காலை எடுங்க."

சோலையப்பன் அண்ணாச்சி காலை எடுத்தார். எடுத்ததோடு, தவமணி அண்ணாச்சியின் தலையிலிருந்த மிக்சரையும் தட்டிவிட்டார். கூட்டம் முடிந்தது.

அதன்பிறகு மிட்டாய்க்காரத் தெரு பஸ் ஆனது. வீட்டு முகப்பெல்லாம் கைப்பிடிக் கம்பி, சன்ஷேடிலிருந்து தொங்கும் வார்ப்பட்டை, கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் என்று எழுதிய சிமெண்டு பெஞ்சு, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இளவட்டங்கள், ஒரு பஸ்ஸுக்கு வேண்டிய எல்லாம் வந்தன. ரெண்டு விசில் அடித்தால் புஷ்பம் கிளம்புகிறாள் என்று அர்த்தம், ஒரு விசில் என்றால் நின்றுவிட்டாள். அவளுடைய உதடு காற்றைப் பிடித்துவைக்க மறுத்ததால் விசிலோடு இசக்கிராஜ் பின்னால் நடந்தான். பேசத் தெரியாத மனுஷனுக்கு விசில் நன்றாக வந்தது. ரெண்டு விசில் கேட்டதும் பாகுச் சட்டி அடுப்பிலேயே நிற்கும், பலகையில் ஊற்றமாட்டார்கள், தெருவே கம்பியைப் பிடித்துக்கொண்டு டீ குடிக்கும். புஷ்பம் பழக்கதோஷத்தில், "வழியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டே போவாள். மக்களும் பழக்கதோஷத்தில் இடம் இருந்தும் போகமாட்டார்கள்.

நாள்பட நாள்பட ஆட்கள் கம்பியைப் பிடிப்பதை விட்டார்கள். அவள் எட்டு வைக்கப்போகிறாள் என்றதும் சாய்வுக்கு எதிர்ப்பக்கம் உடம்பு தானாக ஒடிந்தது. தண்ணீர்க் குடத்தோடு வருகிறவள் இடுப்பை ஒரு வெட்டு வெட்டுவாள், சைக்கிளில் போகிறவன் அந்தப்பக்கம் ஒருக்களிப்பான், ஆடுகூடக் கால்களை அகட்டி நிற்கக் கற்றுக்கொண்டது. சோலையப்பன் அண்ணாச்சிக்கு அதில் தனித் தேர்ச்சி. கையில் டம்ளர் நிறையக் காபியை வைத்துக்கொண்டு ஒரு சொட்டுச் சிந்தாமல் ஒடிந்து காட்டி, "பாத்தீராவே?" என்று தவமணி அண்ணாச்சியிடம் பெருமை அடிப்பார்.

புஷ்பத்துக்கும் மெல்ல மெல்லத் தேறியது. குடம் கொட்டிய சாய்வு தளும்புகிற சாய்வாகி, தளும்புகிற சாய்வு விளக்குச் சுடர் மட்டும் ஆடுகிற சாய்வாகி, கடைசியில் நடக்கும்போதே தலையைத் திருப்பினால் மட்டும் தரை ஒரு வெட்டு வெட்டும் என்ற அளவுக்கு வந்து நின்றது. நடுவில் சில நாள் ஒன்றுமே தேறாமல் பின்னாலும் போயிற்று, அந்த நாட்களில் அவள் அழுதாள், மூடாத கண்ணிலும் அழுகை வருகிறதே என்று அதற்கும் சேர்த்து ஒருமுறை அழுதாள். வெளியூர் போயிருந்த குடித்தனக்காரர் திரும்பிவந்து ஒவ்வொரு சாமானாக இறக்குகிற மாதிரி இடது கன்னம் முதலில் ஒரு துடிப்பை இறக்கியது, பிறகு ஒரு சுருக்கத்தை, பிறகு அரைக்கால் சிரிப்பை. காது மட்டும் திரும்பவில்லை. இரைச்சலும் போகவில்லை. "அது கெடக்கட்டும், பஸ்ஸுல இத விடவா?" என்றாள்.

லீவு முடிந்தது. டெப்போவுக்கு அவள் தனியாகத்தான் கிளம்பினாள், தெருவும் தனித்தனியாகக் கிளம்பி அவளுக்கு முன்னால் போய் நின்றது. கம்பெனிகளெல்லாம் அடுப்பை அணைத்திருந்தன. மேனேஜர் சாக்பீஸால் முற்றத்தின் குறுக்கே நீளமாகக் கோடு போட்டு, "நடங்க" என்றார். கேட்டுக்கு உள்ளே நின்ற கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இசக்கிராஜ் பாக்கெட்டுக்குள் விசிலைப் பிடித்துக்கொண்டான்.

அவள் நடந்தாள். வரிசையாக நின்ற பஸ்கள் அசையவில்லை. டீசல் டிரம்கள் உருளவில்லை. கோட்டின் மேலேயே பாதி தூரம் போய்விட்டாள்.

"இப்ப தலைய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டே நடங்க" என்றார் மேனேஜர். "பஸ்ஸுல சும்மா நேராவா பாத்துக்கிட்டு நிப்பீங்க?"

அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. தலையை இடது பக்கம் திருப்பினாள்.

தெருவுக்குத் தெரியும், இங்கேதான் அந்த வெட்டு வரும். கர்ப்பிணிகள், கடலை புடைப்பவர்கள், பால்பாண்டி, பால்பாண்டியின் பெண்டாட்டி, இரண்டு அண்ணாச்சிகள், எல்லாரும் இத்தனை மாதம் பழகியபடி, ஒரே நேரத்தில், ஒரே உடம்பாக, வரப்போகிற சாய்வுக்கு எதிர்ப்பக்கம் நன்றாக ஒடிந்தார்கள்.

சாய்வு வரவில்லை.

மிட்டாய்க்காரத் தெரு மொத்தமும், அறுத்துப்போட்ட மாதிரி, ஒருவர்மேல் ஒருவராக ஒரே பக்கம் விழுந்தது. செருப்புகள் பறந்தன. சோலையப்பன் அண்ணாச்சி தவமணி அண்ணாச்சியின் கீழே போனார். முற்றத்தில் நேராக நின்றுகொண்டிருந்தது புஷ்பம் மட்டும்தான். அவள் தலையை வலது பக்கம் திருப்பி, மறுபடி இடது பக்கம் திருப்பி, கோடு முடிகிற இடம் வரைக்கும் போய்த்தான் நின்றாள்.

சாக்பீஸைக் கையில் பிடித்தபடி மேனேஜர், விழுந்து கிடப்பவர்களைச் சுற்றிவந்து பார்த்தார்.

"என்னம்மா இது? இவங்களுக்கெல்லாம் என்ன?"

"ஆபரேசன் நடந்தது எனக்கு சார். ஒடம்பு தேற வேண்டியது இவங்களுக்கு" என்றாள் புஷ்பம். "கொஞ்ச காலம் ஆகும். நடந்து நடந்துதான் சரியாகும். யாரும் உக்காருங்கன்னு மட்டும் சொல்லிராதீங்க."